தேக்கு நிறம் தவிர

1

அம்மாவின் டிரெஸ்ஸிங் டேபிளுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று போன வருஷம் நான் சொன்னபோது அம்மா உடனே சொன்னது: "ஏட்டி, அதுல பெயின்ட்லாம் ஒட்டாது."

அதைத் தொழில்நுட்பக் கருத்தாகத்தான் எடுத்துக்கொண்டேன். கருத்து சரியும்கூட. சன்மைக்கா ஒட்டிய பரப்பில் சும்மா பெயின்டை எடுத்து அடித்தால், காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினாலே தோல் மாதிரி உரிந்து வரும். மரத்துக்குத் துளைகள் உண்டு; அடிக்கிற பெயின்டைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். சன்மைக்கா எதையும் குடிக்காது. அதனால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவ வேண்டும். பிறகு உப்புத்தாளால் தேய்த்து அந்த மினுமினுப்பை எடுக்க வேண்டும். அதன்மேல், வழுக்கும் பரப்புகளுக்கென்றே விற்கிற ப்ரைமர். அதற்கப்புறம்தான் பெயின்ட். இதையெல்லாம் வீடியோ பார்த்து மனப்பாடமாகவே வைத்திருந்தேன். அம்மாவிடம் ஒவ்வொன்றாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்" என்றாள்.

இருக்கிற மாதிரி என்றால் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நீளக் கண்ணாடி, அதன் ஓரமெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு. கீழே இடதுபக்கம் மூன்று டிராயர், வலதுபக்கம் ஒரு சின்னக் கதவு. 1991-ல் அம்மாவின் கல்யாணத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து தாத்தா சீராகக் கொடுத்தது. திருநெல்வேலி, மதுரை, சென்னை என்று ஐந்து வாடகை வீடுகள் ஏறி இறங்கியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் டேபிளின் அடிப்பக்கம் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. ஓரத்தில் சன்மைக்கா வாய் பிளந்து நின்றது. அம்மா ஒரு பழைய சேலையை வெட்டிக் கொசுவம் வைத்துத் தைத்து, டேபிளின் காலைச் சுற்றிப் பாவாடை மாதிரி கட்டிவிட்டாள். எட்டு வருஷமாக அந்தப் பாவாடையோடுதான் அது நின்றது.

அதற்கு முன்பும் அந்த டேபிளுக்கு எங்கள் வீட்டில் தனிச் சட்டம் உண்டு. கட்டிலில் ஈரத்துண்டைப் போட்டால் லேசாகத் திட்டு விழும். டேபிள் மேல் தண்ணி டம்ளரை வைத்தால் அம்மாவின் குரலே மாறிவிடும். வீடு துடைக்கும்போது அதன் கால்மாட்டை மட்டும் நன்றாகப் பிழிந்த துணியால் அவளேதான் துடைப்பாள். விருந்தாளி யாராவது அதன்மேல் கையை ஊன்றினால் அம்மாவின் கண் அங்கேயே இருக்கும். சின்ன வயதில், அது விலை உயர்ந்த பொருள் போல என்று நினைத்துக்கொள்வேன். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். தேக்கு.

2

அது தேக்கு இல்லை என்பதை எட்டாம் வகுப்பு படிக்கும்போது நானாகக் கண்டுபிடித்தேன். காய்ச்சலில் லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். கண் முன்னால் டேபிளின் கதவு. அதில் ரேகைகள் ஆறு மாதிரி வளைந்து ஓடின. நடுவில் ஒரு கணு, ஒரு கண்ணைப்போல. பார்த்துக்கொண்டே இருந்தவள், மேல் டிராயரிலும் அதே கண்ணைப் பார்த்தேன். அதே புருவம், அதே இமை, பக்கத்தில் அதே சின்ன வெட்டு. பக்கவாட்டில் இன்னொன்று. ஒரு மரத்தில் ஒரே கணு மூன்று இடத்தில் வராது. எதையோ திருடிவிட்டவள் மாதிரி ஒரு பயம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சன்மைக்கா என்பது உண்மையில் காகிதம். பழுப்புக் காகிதத் தாள்கள் சிலவற்றை ஒரு பிசினில் ஊற வைத்து அடுக்குவார்கள். அதன்மேல் மரத்தின் படத்தை அச்சடித்த தாள் ஒன்று. அதை மெலமைன் பிசினில் முக்கியிருப்பார்கள். எல்லாவற்றையும் சூட்டில் வைத்து பலமாக அழுத்தினால் ஒட்டுமொத்தமாக ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கெட்டித் தகடு கிடைக்கும். அச்சு உருளையில் சுற்றி வருவது என்பதால் ஒரே படம் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். நான் பார்த்த மூன்று கண்களும் ஒரே கண்ணின் மூன்று பிரதிகள்.

இதன் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்று இரண்டு பேர் பிசினில் ஊறிய அடுக்குகளை அழுத்தி மின்காப்புக்கு ஒரு பொருள் செய்தார்கள். அதுவரை அந்த வேலைக்கு மைக்காவைப் பயன்படுத்திவந்தார்கள். 'மைக்காவுக்குப் பதிலாக' என்ற அர்த்தத்தில்தான் அதற்கு ஃபார்மைக்கா என்று பெயர் வந்தது. நம் ஊரில் சன்மைக்கா என்ற பெயர் நிலைத்தது. எந்தக் கம்பெனி தகடாக இருந்தாலும் நமக்கு அது சன்மைக்காதான். மைக்காவுக்குத் தமிழில் காக்காப்பொன் என்று பேர். மின்னும், ஆனால் பொன் கிடையாது. அதற்கும் பதிலாக வந்த ஒன்று எங்கள் வீட்டில் தேக்கு என்ற பெயரில் நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பழுப்புக் காகிதம் மரக்கூழில் செய்தது. உள்ளே இருக்கிற பலகையும் மரச் சில்லையும் தூளையும் பசையோடு சேர்த்து அழுத்தினதுதான். ஆக, டேபிளில் கண்ணாடியும் கைப்பிடியும் ஆணியும் போனால் மிச்சம் பெரும்பாலும் மரமே. மரத்தால் செய்த ஒன்று, வேறொரு மரத்தின் போட்டோவைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. இதில் பொய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பொருளைக் காட்டிச் சொல்ல முடியாது. யாரோ ஒருவர் வாயைத் திறந்து "தேக்கு" என்று சொன்ன இடத்தில்தான் அது இருக்கிறது.

3

பெயின்ட் வேண்டாம் என்று அம்மா மூன்றாவது முறை சொன்னபோது, "சன்மைக்காதானம்மா, என்ன ஆகிடப்போகுது?" என்றேன். அம்மா கையில் இருந்த முருங்கைக்கீரையை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு யார் சொன்னா?"

எட்டாம் வகுப்புக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவளும் சொன்னாள்.

தாத்தா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. மூன்று பெண்கள், அம்மா நடுவில். மாப்பிள்ளை வீட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை. இந்தக் 'கேட்கவில்லை'யைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கேட்டு வாங்கினால் அது வரதட்சணை, 1961-லிருந்து சட்டப்படி குற்றம். பிரியப்பட்டுக் கொடுத்தால் அன்பளிப்பு. அதனால் கேட்பதையே கேட்காத மாதிரி கேட்க நம்மிடம் ஒரு தனி பாஷை உண்டு. ஆச்சி, அதாவது அப்பாவின் அம்மா, சொன்னது இவ்வளவுதான்: "உங்க பொண்ணுக்கு நீங்க செய்றீங்க. நாங்க என்ன சொல்ல? பெரியவளுக்கு வந்த இடத்துல எல்லாம் தேக்குல போட்டாங்க." அந்த வாக்கியத்தின் மேலே அன்பின் படம் அச்சடித்திருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பது தாத்தாவுக்குப் புரிந்தது.

தாத்தா கட்டிலைத் தேக்கில் வாங்கினார். அது நிஜத் தேக்கு. இன்றும் இருக்கிறது. டிரெஸ்ஸிங் டேபிளும் தேக்கு என்று சொன்னார். கட்டிலின் நிறத்துக்கு நிறம் பொருத்தி எடுத்திருந்தார். சீர் இறங்கியபோது பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, டேபிளின் பக்கவாட்டில் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாராம். அம்மா மணவறையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு உயிர் வந்தது. ஏனென்றால் அம்மாவுக்கு முந்தின நாளே தெரியும். டிராயரை இழுத்தபோது உள்விளிம்பில் தகடு ஒட்டாத இடத்தில் தூள் உதிர்ந்தது.

"தாத்தாகிட்ட கேட்டியாம்மா?"

"எப்படிக் கேக்க?"

வருஷத்துக்கு இரண்டு முறை தாத்தா ஊரிலிருந்து வருவார். வந்து காப்பி குடித்துவிட்டு, அந்த டேபிள் மேல் கையால் ஒருமுறை தடவி, "தேக்குல்லா. தலைமுறைக்கும் கெடக்கும்" என்பார். அம்மா "ஆமாப்பா" என்பாள். மகளுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அம்மா நினைத்தாள்.

ஒருவேளை கடைக்காரன் தாத்தாவை ஏமாற்றியிருக்கலாமே என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. அதையும் அம்மா விட்டுவைக்கவில்லை. 2009-ல் தாத்தா இறந்த பிறகு, அவருடைய பெட்டியில் கல்யாணச் செலவு எழுதின நீள நோட்டு கிடைத்தது. அவருடைய குண்டுக் கையெழுத்தில் வரிசையாக: கட்டில், தேக்கு. அடுத்த வரி: டிரெஸ்ஸிங் டேபிள், சன்மைக்கா.

நாற்பது வருஷம் கணக்கு எழுதின மனுஷன். சம்பந்தியிடம் பொய் சொல்ல முடிந்தது. மகளிடமும் முடிந்தது. கணக்கு நோட்டில் மட்டும் அவரால் முடியவில்லை.

"வெள்ளம் வந்து அது உப்பினப்போ என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றாள் அம்மா. "நல்லவேளை, அப்பா இதப் பாக்கல."

4

இந்த இடத்தில் ஒருவர் தாத்தாவைக் குற்றம் சொல்லலாம். மேற்பரப்பின் பொய்யைப் பற்றி நிறைய யோசித்த ஆள் ஒருவர் இருக்கிறார்: ஜான் ரஸ்கின். 1849-ல் எழுதிய 'கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்' புத்தகத்தில் ஒரு விளக்குக்கு உண்மை என்று பெயர் வைத்தார். கட்டடக் கலையில் நடக்கும் ஏமாற்றுகளை வகை பிரித்தபோது, ஒரு பரப்பை வேறொரு பொருள் மாதிரி தெரியும்படி வர்ணம் பூசுவதை அதில் ஒன்றாகச் சேர்த்தார். மரத்தைப் பளிங்கு மாதிரி காட்டுவது அவருக்கு அழகுக்குறை மட்டுமல்ல, ஒழுக்கக்கேடு.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ரஸ்கின் வசதியான ஒயின் வியாபாரியின் ஒரே மகன். தேக்கு வாங்க முடிந்தவனுக்குப் பொருளின் நேர்மை சுலபமாகக் கிடைக்கிறது. கணக்குப்பிள்ளை சம்பளத்தில் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுப்பவனுக்கு அது கட்டுபடியாகாது. இன்றைக்கும் பாருங்கள். பூசாத சிமென்ட் சுவர், வார்னிஷ் அடிக்காத மரம், கறுத்த பித்தளை என்று 'உள்ளது உள்ளபடி' இருக்கிற வீடுகள்தான் போட்டோவில் வருகின்றன. அந்த உள்ளபடிக்குச் செலவு அதிகம். எங்கள் டேபிளை உள்ளபடி காட்ட வேண்டுமானால் தகட்டை உரிக்க வேண்டும். உரித்தால் மிஞ்சுவது உதிர்கிற தூள் பலகை. சில பொருள்களுக்குத் தோல்தான் உடம்பைப் பிடித்து வைத்திருக்கிறது. சில குடும்பங்களுக்கும் அப்படித்தான் என்று தோன்றுகிறது.

ஆனால் ரஸ்கினைத் தொடர்ந்து படித்தால் அவர் அவ்வளவு முரடர் இல்லை. அதே இடத்தில் தங்க முலாம் பற்றி ஒன்று சொல்கிறார். கட்டடத்தில் முலாம் பூசினால் அது ஏமாற்று இல்லை, ஏனென்றால் அதை முழுத் தங்கம் என்று யாரும் நினைப்பதில்லை. நகையில் பூசினால் ஏமாற்று, ஏனென்றால் அங்கே நினைப்பார்கள். அதே பூச்சு, அதே தங்கம். பார்க்கிறவர் என்ன நினைத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு இடத்தில் குற்றம், இன்னொரு இடத்தில் இல்லை. அப்படியானால் குற்றம் பூச்சில் இல்லை.

சுமார் ஐம்பது வருஷம் கழித்து, 1898-ல், வியன்னாவில் அடால்ஃப் லூஸ் என்ற கட்டடக் கலைஞர் இதையே ஒரு சட்டமாகச் சுருக்கினார். எதன்மேலும் எதையும் போர்த்தலாம். ஆனால் போர்த்தியிருப்பதையும் உள்ளே இருப்பதையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளும்படி செய்யக் கூடாது. உதாரணமும் சொன்னார். மரத்துக்கு எந்த நிறத்தையும் பூசலாம், ஒரே ஒரு நிறத்தைத் தவிர: மரத்தின் நிறம்.

லூஸின் விதி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஏன் அது ஒழுக்க விதியாகவும் இருக்க வேண்டும்? பச்சை பூசின மேஜைக்கும் தேக்கு மாதிரி தெரிகிற மேஜைக்கும் அறத்தில் என்ன வித்தியாசம்? இரண்டுமே உள்ளே இருப்பதை மறைக்கத்தானே செய்கின்றன?

நம் பக்கத்தில் வள்ளுவர் இதை வேறு வழியில் அளக்கிறார். 'வாய்மை' அதிகாரத்தில் அவர் உண்மையை நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. சொல் யாருக்காவது தீங்கு செய்கிறதா என்று பார்க்கிறார். குற்றமில்லாத நன்மை வருமென்றால் பொய்யைக்கூட வாய்மையின் வரிசையில் உட்கார வைக்கிறார். தாத்தாவுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் பொய்யால் யாருக்குத் தீங்கு? கேட்கக் கூடாததைக் கேட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டாததைக் கொடுக்காமல் விட்டார். கல்யாணம் நடந்தது. அம்மா அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடந்தாள்.

ஆனால் 'குற்றமில்லாத' என்ற நிபந்தனை இடிக்கிறது. முப்பது வருஷமாக ஒரு டம்ளரைப் பார்த்துப் பதறினது யார்? பிழிந்த துணியால் கால்மாட்டைத் துடைத்தது யார்? பொய்யைச் சொன்னவர் ஒரு நாள் சொன்னார். அதைக் காத்தவள் தினமும் காத்தாள். செலவு தாத்தாவின் நோட்டில் ஒரு வரியில் முடிந்துவிட்டது. அம்மாவின் பக்கத்தில் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்கு வித்தியாசம் அங்கேதான் தெரிந்தது. பச்சை பூசின மேஜைக்கு யாரும் காவல் நிற்க வேண்டாம். ஓரம் உதிர்ந்து உள்ளே இருப்பது தெரிந்தால் உதிர்ந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். தேக்கு மாதிரி நடிக்கிற மேஜையின் ஓரம் உதிர்ந்தால் ஒரு மனிதர் அவமானப்படுவார். மறைப்பதெல்லாம் பொய் கிடையாது. நாம் உடுத்துகிற துணிகூட மறைக்கத்தான் செய்கிறது. ஒரு மறைப்புக்கு யாராவது கண்கொட்டாமல் காவல் இருக்க வேண்டியிருந்தால் அங்கேதான் பொய் குடியிருக்கிறது. ஒரு பொய்யைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சொன்னவர் நல்லவரா கெட்டவரா என்பது அல்ல. காவல் வேலை யார் தலையில் விழுந்தது என்பது.

5

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. ரஸ்கினும் லூஸும் முருங்கைக்கீரை ஆய்கிற இடத்தில் செல்லுபடியாக மாட்டார்கள். ஆனால் பேசின பிறகு எதுவோ தளர்ந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அவளாகவே, "அந்த டேபிள என்னவோ பண்ணணும்னியே" என்றாள்.

ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தோம். கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தோம். பொட்டுகளை எடுக்க அம்மா விடவில்லை. கைப்பிடிகளை ஸ்க்ரூவோடு ஒரு டப்பாவில் போட்டோம். சேலைப் பாவாடையை அம்மாவே அவிழ்த்தாள். எட்டு வருஷத் தூசி.

உப்பின பாகத்தைத் தட்டிச் சரிசெய்ய முடியாது. தண்ணீர் குடித்து விரிந்த தூள் பலகை காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. தளர்ந்ததையெல்லாம் உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் மரப் பட்டியை வைத்து நிரவினேன். வாய் பிளந்த தகட்டுக்குள் பசையைத் தடவி ராத்திரி முழுக்க அம்மிக்குழவியைச் சாய்த்து வைத்தோம். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்தோம். கோகுல் சான்டலும் தேங்காய் எண்ணெயும் முப்பது வருஷம் சேர்ந்தால் என்ன பிசுக்கு வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து உப்புத்தாள். முதலில் 120, பிறகு 220. முகமூடி போட்டுக்கொள்ளச் சொன்னேன், அம்மா சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டாள். இந்த வேலையில் கை அளவு முக்கியம். பட்டும் படாமலும் தேய்த்தால் ப்ரைமர் பிடிக்காது. அழுத்தித் தேய்த்தால் படத்தாள் கிழிந்து பழுப்புக் காகிதம் வந்துவிடும். மினுமினுப்புப் போய், ஊதினால் வெள்ளைத் தூள் பறக்கிற பதத்தில் நிறுத்த வேண்டும். ரேகைகள் அப்படியே இருந்தன, பனிக்குள் இருப்பதைப்போல. கதவில் இருந்த அந்தக் கண்ணை அம்மாவிடம் காட்டினேன். டிராயரில் இருந்த இரண்டாவதை அவளே கண்டுபிடித்தாள். மூன்றாவதையும். சிரித்துவிட்டாள்.

ப்ரைமர் ஒரு கை அடித்துக் காயவிட்டு, ஒரு ஓரத்தில் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் கூட வரவில்லை. "ஒட்டிட்டுல்லா" என்றாள் அம்மா, தன் கருத்து தோற்றுப்போன வருத்தமே இல்லாமல்.

நிறம் பார்க்க ஷேட் கார்டை விரித்தேன். அம்மாவுக்காக நான் மனதுக்குள் ஒன்று முடிவு செய்து வைத்திருந்தேன். அந்த டேபிளை முப்பது வருஷம் பழுப்பில் பார்த்தவள். திடீரென்று வேறு நிறம் வந்தால் மனசு கஷ்டப்படும். கட்டிலோடும் ஒத்துப்போகட்டும். அதனால் ஒரு நல்ல காப்பிப் பழுப்பைக் காட்டினேன்.

"பிரவுன் வேண்டாம்" என்றாள்.

"ஏம்மா?"

"மறுபடியும் தேக்கான்னு கேப்பாங்க."

1898-ல் வியன்னாவில் எழுதினதை அம்மா ஒற்றை வரியில், தன் சொந்தச் செலவில், கண்டுபிடித்திருந்தாள். நிறத்தையும் அவளே காட்டினாள். பச்சை. கிளிப்பச்சையும் இல்லை, பாசிப்பச்சையும் இல்லை, வேப்பங்கொழுந்து கொஞ்சம் முற்றினால் வருகிற பச்சை. மெல்லிசாக இரண்டு கை அடித்தோம். நடுவில் ஒருமுறை 320 தாளால் லேசாகத் தேய்த்தோம். தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரே நாளில் காய்ந்துவிடும். கெட்டியாக இறுக வாரக்கணக்கில் ஆகும், அதுவரை எதையும் மேலே வைக்கக் கூடாது என்று சொன்னேன். அம்மாவுக்கா அதைச் சொல்லித்தர வேண்டும்.

டிராயர்களின் உள்பக்கத்துக்கு நாங்கள் பெயின்ட் அடிக்கவில்லை. தாத்தாவின் நீள நோட்டு அந்த மேல் டிராயரில்தான் இருக்கிறது.

6

இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பொங்கலுக்குப் பெரிய அத்தை வந்தார்.

உள்ளே போனவர் பச்சை டேபிளைப் பார்த்து நின்றுவிட்டார். "இது உங்க அப்பா போட்ட தேக்கு டேபிள்லா?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"தேக்கு எங்க மதினி, சன்மைக்காதான்" என்றாள் அம்மா. முப்பது வருஷத்துக்கும் மேல் தொண்டையில் இருந்த வார்த்தை. நல்ல சாதாரணக் குரலில்தான் சொன்னாள்.

"தெரியுமே" என்றார் அத்தை. "அன்னிக்கே தட்டிப் பாத்தேன்லா. தேக்குச் சத்தமா அது?"

அம்மாவின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அப்ப ஏன் மதினி ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா எங்கம்மா உன்னச் சும்மா விட்டிருப்பாளா? அவ கேட்டப்போ நல்ல தேக்குதாம்மான்னு சொல்லிட்டேன்."

ஆக, காவல் நின்றது மூன்று பேர். தாத்தா ஒரு வாசலில், அம்மா ஒரு வாசலில், அத்தை ஒரு வாசலில். ஒருவர் நிற்பது இன்னொருவருக்குத் தெரியாது. ஆளாளுக்குத் தனியாகத்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

எனக்கு அது மனதை நிறைத்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை. அத்தை போன பிறகு இரண்டு நாள் அவள் சரியாகப் பேசவில்லை. பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னிடம் இல்லாமல் குழாயிடம் சொல்வது மாதிரி சொன்னாள்: "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆச்சியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்கிற உரிமை இல்லாத கேள்விக்கு உண்மையான பதிலை வாங்கும் உரிமையும் கிடையாது என்றுதான் நினைக்கிறேன். ஆச்சிக்கு முன்னால் அந்தத் தேக்குப் படம் ஒரு கேடயமாக இருந்தது. அத்தை அந்தக் கேடயத்தைப் பிடித்துக்கொடுத்தது கருணை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த மூன்று பேர் தங்களுக்குள்ளேயும் ஒருவருக்கொருவர் அதையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே அதற்கு வேலையே இல்லை. அத்தை ஒரு மத்தியானம் அடுப்படியில் "எனக்குத் தெரியும், நீ பயப்படாத" என்று சொல்லியிருந்தால் அம்மாவின் முப்பது வருஷம் வேறு மாதிரி இருந்திருக்கும். டம்ளரைப் பார்த்துப் பதறாத முப்பது வருஷம். தாத்தா டேபிளைத் தடவும்போது அம்மா "எதுவா இருந்தா என்னப்பா" என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான். யாருக்குப் பயந்து ஒரு பொய்யைச் சொல்கிறோமோ அவரிடம் அதைச் சொல்வது ஒன்று. அதே பயத்தில் பக்கத்தில் நிற்கிறவரிடமும் அதையே சொல்வது வேறு. முதலாவதற்கு நான் தாத்தாவை மன்னித்துவிடுவேன். இரண்டாவதற்கு மன்னிப்பது அம்மாவின் வேலை. அவள் மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் டேபிளின் முன்மூலையில் ஒரு நகக்கண் அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்திருந்தது. வாக்குவம் க்ளீனர் இடித்திருக்கும். பச்சைக்கு நடுவே தேக்கின் ரேகை ஒரு துளி தெரிந்தது. மிச்சப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன பண்ணப் போற?"

"ஒரு தொடுதான். மறைஞ்சிரும்."

"கெடக்கட்டும்" என்றாள் அம்மா. கையில் இருந்த காப்பி டம்ளரைத் தன்னையறியாமல் டேபிள் மேல் வைத்துவிட்டு, கண்ணாடி ஓரத்திலிருந்து ஒரு பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.